ஆற்றோரக் களியும் கோயில் மேடும்

மண்ணை நிறுத்துப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று என்னிடம் கேட்காதவர்கள் யாருமே கிடையாது, பெண் கொடுத்த மாமனார் உட்பட. மண் சுமந்து திரிந்த சகாக்களே, உங்களையும் இந்தக் கேள்வி விட்டுவைத்திருக்காது.

மலாயாவில் வெள்ளைக்கார அரசு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு மோதிய அவசரகாலத்தில், சிரம்பான் மண் ஆய்வு ஆபீசிலிருந்து லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். காட்டோரம் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களைக் காலி செய்து, எல்லாரையும் ஒரே இடத்தில் முள்கம்பி வேலிக்குள் குடிவைக்க உத்தரவு. ஆற்றோரத்துக் களிமண் தரையா, கோயில் மேட்டு மணல் தரையா? இரண்டையும் சோதித்துச் சொல்ல வேண்டியது நான். இத்தனை குடும்பங்கள் எங்கே படுத்து எழுவது என்பது என் கையில் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை!

கேட்டில் சிந்திய மண்

எங்கள் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். இரும்பு வளையத்தைத் தரையில் வைத்து, மேலே பலகை போட்டு, சுத்தியலால் மெதுவாக இறக்க வேண்டும். உள்ளே இருக்கும் மண் நசுங்கக் கூடாது, உதிரக் கூடாது. பூமியில் எப்படி இருந்ததோ அப்படியே டின்னில் ஏற வேண்டும். முதல் நாள் காலை முழுக்கக் குனிந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

அந்த நாளில் தோட்டத்து கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி போக முடியாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானச் சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. வருகிற வழியிலும் சோதனை உண்டு. கேட்டில் நின்ற போலீஸ்காரர் என் டின்கள் ஒவ்வொன்றையும் திறந்து, விரலை விட்டுக் கிளறி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று மேசைமேல் கொட்டியே விட்டார். காலை முழுக்கப் பட்ட பாடு பொலபொலவென்று உதிர்ந்தது. எனக்கு வந்த கோபத்துக்குச் சுத்தியலைக் கீழே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் பால்மரம் வெட்டும் லெட்சுமி அக்கா. காலையிலிருந்து பட்டினி. அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “சோத்தத்தான் வுடல, மண்ணையும் திங்க வுட மாட்டாங்க போல லா!”

காசிம் பாயின் ரொட்டி அடுப்பு

மறுபடி எடுத்தேன். ஈரத்தோடு நிறுத்தால் கணக்கு தப்பும். மண்ணை நன்றாகக் காயவைக்க வேண்டும். தோட்டத்துக் கடைக்காரர் காசிம் பாயிடம் ரொட்டி சுடும் அடுப்பு இருந்தது. ரொட்டி இறங்கியதும் என் டின்கள் ஏறும் என்று பேச்சு. கடை முழுக்க மழை விழுந்த தரை வாசம். பாய் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

காய்ந்ததும் அவருடைய தராசிலேயே நிறுத்தேன். ஒரே அளவு டின்தான், ஆனால் மேட்டு மணல் கனத்தது, ஆற்றோரக் களி லேசாக இருந்தது! காலில் ஈயம் மாதிரி ஒட்டிக்கொள்ளும் களி, காய்ந்தபின் மணலைவிட லேசு. அப்படியென்றால் களிக்குள்தான் வெற்றிடம் அதிகம். கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைகள், எண்ணி மாளாதவை. படித்திருந்தேன்தான். ஆனால் தராசுத் தட்டு கண்ணெதிரே தூக்கியபோது பாயின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். கனமான பொருளிலும் பாதி காற்றாக இருக்கலாம் என்று விளக்கோ விளக்கென்று விளக்கினேன். அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “என் ரொட்டியிலயும் பாதி காத்துதான் தம்பி, அதப் போயி தராசுல வச்சிடாதீங்க.”

துரைக்குப் பிடித்த கணக்கு

கணக்கைக் கேட்டதும் தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் துரைக்கு வாயெல்லாம் பல். அவருக்கு ஆற்றோரம்தான் வேண்டும். சமதரை, பெரிய ரோடு பக்கம், போலீஸ் நிலையமும் கூப்பிடு தூரம். தோட்டத்துத் தமிழில் அவர் சட்டமாகப் பேசினார்: களியில் ஓட்டை ஜாஸ்தி, ஓட்டை ஜாஸ்தி என்றால் தண்ணீர் ஜாஸ்தி இறங்கும், முடிந்தது விஷயம்.

ஓட்டை பொடியாக இருந்தால் தண்ணீர் அதிலேயே ஒட்டிக்கொள்ளும் துரை, மணலில் ஓட்டை குறைவு, ஆனால் பெரிசு, அதனால் ஓடிவிடும் என்று தலைகீழாக நின்று சொன்னேன். ஆற்றோரக் களியில் குழிக் கக்கூஸ் வெட்டினால் முதல் மழைக்கே நிரம்பி வாசலுக்கு வரும். பிள்ளைகள் விளையாடுகிற இடம். துரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை முள்கம்பி லாரி வருகிறதாம். வெளியே காத்திருந்த லெட்சுமி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். இடுப்பில் இருந்த மகளை இறுக்கிக்கொண்டு கேட்டார்: “கம்பிக்குள்ளதான் இருக்கணும்னா இருக்குறோம், பீத்தண்ணிக்குள்ளயுமா இருக்கணும்?”

இரண்டு குழிகள்

அந்தக் கேள்வி என்னை உட்காரவிடவில்லை. துரையிடமே திரும்பப் போய், ஒரே ஒரு சோதனை என்று கெஞ்சிக் கூத்தாடினேன். ஆற்றோரத்தில் ஒரு குழி, மேட்டில் ஒரு குழி, இரண்டுக்கும் ஒரே ஆழம். சாயங்காலம் ஊரடங்குக்கு முன்னால், துரை பார்த்திருக்க, இரண்டிலும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பினோம். பிறகு எல்லாரும் உள்ளே போய்விட்டோம்.

காலையில் ஊரடங்கு முடிந்த சங்கு ஊதியதும் ஓடினேன். மேட்டுக் குழி காலி! அடியில் ஈரம் மட்டும். ஆற்றோரக் குழியில் தண்ணீர் அப்படியே நின்று ஒரு தவளையும் குடியேறியிருந்தது. குதித்தேன், சத்தியமாகக் குதித்தேன். கம்பி லாரி ரோட்டில் உறுமிக்கொண்டு நிற்க, துரை வந்து குழியைப் பார்த்தார். முகம் சிவந்தது. என்னையும் கூடியிருந்த கூட்டத்தையும் முறைத்து, “ராத்திரி எவனோ வந்து தண்ணி ஊத்தியிருக்கான்!” என்றார்.

லெட்சுமி அக்காதான் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். துரை அவரைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், கடைசியில் லாரிக்காரரிடம் கோயில் மேட்டுக்குக் கையைக் காட்டினார். அவரை அசைக்க அக்கா சொன்னது இவ்வளவுதான்: “ராத்திரி வெளிய தல காட்டுனா சுடச் சொன்னது நீங்கதானே தொரை, குண்டடி பட்டுச் சாவுறதுக்கா தவளைக்குத் தண்ணி ஊத்த வருவோம்?”

களிமண்ணில் தண்ணீர் இறங்குமா என்று பார்க்க எனக்கு ஒரு குழி போதுமானதாக இருந்தது, அந்த விஷயம் துரையின் தலைக்குள் இறங்கத்தான் ஓர் ஊரடங்குச் சட்டமே தேவைப்பட்டது.