கன்றிய தோளும் குறைத்த மருந்தும்

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த என் தங்கை எதையோ எடுக்கக் குனிந்தாள். நைட்டியின் கழுத்து விலகியது. வலது தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. நடுவில் கருநீலம், ஓரமெல்லாம் மஞ்சள்.

நான் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பாத்ரூமில் வழுக்கிவிட்டது, கதவு இடித்துவிட்டது என்று எத்தனையோ பெண்கள் என் மேசைமேல் வந்து படுத்திருக்கிறார்கள். எப்படி அடிபட்டது என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற புருஷன்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வான்.

"என்னாடி அது தோள்ல?"

"ஒண்ணுமில்லக்கா. துப்பாக்கி உதைச்சிடுச்சி."

பின்னாலிருந்து அவள் கணவரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "உங்க தங்கச்சி இந்த வருஷம் மான் வேட்டைக்கு வரப் போறாங்கக்கா!"

மிச்சத்தையெல்லாம் அவர்தான் பேசினார்.

கோழி அறுத்தால் கொல்லைப்புறம் எட்டிக்கூடப் பார்க்காதவள் என் தங்கை. அவளாவது மானைச் சுடுவதாவது. இங்கே வேப்பூர்ப் பக்கம் ரோட்டில் மான் அடிபட்டுக் கிடந்தாலே வனத்துறை ஜீப் வந்துவிடும். பொய் சொல்வதானாலும் நம்புகிற மாதிரி சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "அங்க லைசென்ஸ் வாங்கினா மான் சுடலாம். நீ பாட்டுக்கு எதையாவது கெளப்பிவுடாத" என்றார். எக்ஸ்ரே அறையில் நான் பார்ப்பதை அவர் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் நானாகவே கூப்பிட்டேன். தங்கை போனைப் பிடித்துக்கொண்டு கார் நிறுத்துகிற இடத்துக்குப் போனாள். அங்கே ஒரு மேசை. அதன்மேல் நகைக்கடையில் இருப்பதுபோல ஒரு குட்டித் தராசு. அவள் கணவர் குனிந்து, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பொடியை அதில் கொட்டி நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இப்ப வேணாம், போனை வெச்சிடு" என்றார்.

"எனக்குத்தான்க்கா மருந்து கொறைக்கிறாரு. அப்புறம் பேசுறேன்" என்று தங்கை வைத்துவிட்டாள்.

என்ன மருந்து? எதற்கு அவளுக்கு மருந்து? அதை ஏன் புருஷன் வீட்டில் நிறுத்துக் கொடுக்கிறார்? அன்றெல்லாம் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு நோயாளிக்கு இடது காலுக்குப் பதில் வலது காலை எக்ஸ்ரே எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுத்தேன். தங்கைக்குப் போன் போட்டால், "தோட்டாவுக்குள்ள போடுற வெடிமருந்துக்கா" என்றாள். எனக்கு அதுவும் சரியாகச் சொல்லிக் கொடுத்து வைத்த பதிலாகத்தான் பட்டது.

ஆவணியில் சிதம்பரத்தில் எங்கள் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். தங்கையும் அவள் கணவரும் வந்தார்கள். ஜாக்கெட் தைக்கலாம் என்று தங்கையை மட்டும் கடலூருக்கு அழைத்துக்கொண்டேன். தையல் கடையில் அளவு பார்க்கிற மறைப்புக்குள் நானும் நுழைந்து, முதுகு, கை, இடுப்பு எல்லாவற்றையும் நோட்டம் விட்டேன். எங்கும் எதுவுமில்லை. தோளில்கூட நிறம் தேறிவிட்டிருந்தது.

"என்னாக்கா செக் பண்ற?"

காருக்குள் வந்து உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். "அவரு உன்ன அடிக்கிறாரா?"

அவள் சிரிக்கப் போனாள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது. போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு என் மடியில் வைத்தாள். துப்பாக்கி சுடப் பழகுகிற இடம். காதை மூடிக்கொண்டு இவள் உட்கார்ந்திருக்கிறாள். சுட்டதும் யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதுபோலப் பின்னால் போகிறாள். "போதும், குடு" என்கிறது அவர் குரல். இவள் கொடுக்கவில்லை. மறுபடி சுடுகிறாள்.

"வருஷா வருஷம் குளிர் ஆரம்பிச்சா அவரு காட்டுக்குப் போயிடுவாரு, நான் மட்டும் வீட்டுல தனியா கெடப்பேன். நானும் வரேன்னேன். அவரோடது மேக்னம் ரைஃபிள்க்கா, பெரிய மிருகம் சுடறது. வலிக்குதுன்னு சொன்னா கூட்டிக்கிட்டுப் போவ மாட்டாரேன்னு சொல்லல. கன்னிப்போனதப் பாத்துட்டுத்தான், நான் சுடற தோட்டாவுக்கு அவரே மருந்து கொறைச்சிப் போட்டாரு."

மருந்து குறைத்த பிறகு எடுத்த இன்னொரு வீடியோவில் தோள் லேசாக அசைந்ததோடு சரி. அப்போதும் எனக்கு முழுசாக மனசு ஆறவில்லை. இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது.

கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்தபோது, அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, அன்னைக்கி ஏன் போனை வெக்கச் சொன்னீங்க?"

"கடையில விக்கிறதெல்லாம் ஃபுல் மருந்துக்கா. மானுக்கு அவ்ளோ வேகம் வேணாம். வேகம் கொறஞ்சா உதையும் கொறையும். அதுக்கின்னு இருக்கிற மருந்தா பாத்து, சுட்டு முடிச்ச தோட்டாவோட வெத்துக் கூட்டுல நானே போடறேன். ஆனா கொறைவா போட்டா கூடு பாதிக்கு மேல காலியாத்தான் இருக்கும். பேச்சு சுவாரஸ்யத்துல ரெண்டாவது வாட்டி ஊத்திட்டா வெளிய தெரியாது. துப்பாக்கியே வெடிச்சிடும். மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் டார்ச் அடிச்சிப் பாப்பேன். அப்ப யார் பேசினாலும் எனக்குப் புடிக்காது."

"அப்ப அவ உசுரு உங்க கையிலதான்."

"ஆமாக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க அவகிட்ட கேட்டத அவ எங்கிட்ட சொல்லிட்டா. கோவம் இருக்குது. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவர் எழுந்து பந்திக்குப் போய் வேறு வரிசையில் உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு தங்கை கூப்பிடும்போதெல்லாம் அவர் திரைக்கு வரவேயில்லை.

கார்த்திகையில் நான் சிதம்பரத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது அவர் எண்ணிலிருந்தே கால் வந்தது. தங்கை ஒரே குண்டில் ஒரு மானைச் சுட்டிருந்தாள். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, மொளகு ஜாஸ்தி போடலாமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "மொதல்ல போலீசு வராதுன்னு சொல்லுங்க."

அவர் லைசென்ஸ் அட்டையைத் திரையில் காட்டினார். அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "சரி, ஆட்டுக்கறியவிட முத்தலாத்தான் இருக்கும். நல்லா வேக வுடுங்க" என்றாள்.

போன் என் கைக்கு வந்தது. "நீங்க ஒண்ணும் கேக்கலியாக்கா?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இல்ல தம்பி. அவ எங்க?"

அவர் கேமராவைத் திருப்பினார். தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் கண் முதலில் அவள் தோளுக்குத்தான் போனது.