காத்திவாக்கத்துக் கடைசிக் குழாயில் ஒரு குளோரின் சென்சார்

எண்ணூர் பக்கம் யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. தூத்துக்குடியிலிருந்து போன மாதம் நான் போனதற்குக் காரணம் என் மனைவி ஜெனிட்டா. குடிநீரில் குளோரின் போதுமான அளவு இருக்கிறதா என்று காட்டும் சென்சார்களைப் பராமரிப்பது அவள் வேலை. ஒன்றரை வருடமாகத் திருவொற்றியூரில் தங்கியிருக்கிறாள். ஒப்பந்தம் முடியப் போகிறது, கையோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்தில் குழாய் முடியும் இடத்தில் உள்ள சென்சாரின் அளவைப் போனிலேயே வரைகோடாகப் பார்க்கலாம். எனக்கும் லிங்க் அனுப்பியிருந்தாள். சென்சாரைக் கழற்றிக் கழுவும்போது கோடு சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி ஏறும். இறங்கினால், இப்போது அவள் கை அதில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பலசரக்கு வாங்க வந்தவர்கள் என் கடையில் காத்துக்கொண்டு நிற்பார்கள். சிரிக்காதீர்கள், பிரிந்திருப்பவர்களுக்குப் புரியும்.

எழும்பூரில் இறங்கி, கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்தேன். டிக்கெட் ஐந்து ரூபாய், முக்கால் மணி நேரம். ராயபுரம் தாண்டியதிலிருந்து கன்டெய்னர் லாரிகளாகவே கண்ணில் பட்டன. காத்திவாக்கம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை.

சென்சார் பெட்டி செல்வி அக்கா என்பவரின் வீட்டுச் சுவரில் இருந்தது. நான் போனபோது அக்காவே அதைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஜெனி வூட்டுக்காரரா? குந்து நைனா, இப்ப வந்துடும். அதுக்கு வேற எடத்துல வேல ஜாஸ்தி. ரெண்டு மாசமா இத்த நான்தான் கழுவிகினு கீறேன்."

ஆக, இரண்டு மாதமாக நான் உருகி உருகிப் பார்த்தது செல்வி அக்காவின் கையை.

ஜெனி வந்தாள். கறுத்து இளைத்திருந்தாள்.  நான் வாயைத் திறப்பதற்குள் குடத்தோடு நாலு பெண்கள் சூழ்ந்துகொண்டு, "இன்னா ஜெனி, நம்பரு சரியா கீதா? புடிக்கலாமா?" என்றார்கள். அவள் போனைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் குடிக்கத் தண்ணீர் பிடித்தார்கள்.

அவர்கள் போனதும், "எப்ப வீட்டுக்கு வாரே?" என்றேன்.

"இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். எப்ப வாரேன்னு நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீய. நீங்க இங்க வாங்கன்னு நான் கேட்டா வருவீயளா?"

கடை இருக்கிறதே என்றேன். அவள் அடுத்த சென்சாரைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் லாரித் தூசி தாங்காது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்குக் கிளாம்பாக்கம் போகவே இரண்டு மணி நேரமாவது ஆகும். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போடாதீர்கள். நான் இரண்டு போட்டிருந்தேன். என் பக்கத்து ஜன்னல் சீட் தூத்துக்குடி வரை காலியாகவே வந்தது.