பொன்னி மலையிறங்கிய நாள்

கொல்லிமலைக்கு நான் கிளம்பியது படகில் போகத்தான். கல்லூரித் தோழி ஸ்டெல்லா அந்த மலையின் திருப்புலி நாடு ஊராட்சியில் கிராம சுகாதார செவிலியர். திண்டுக்கல்காரி, மலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வாசலூர்பட்டி படகு இல்லத்தைக் காட்டுகிறேன் என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன ஜனவரியில்தான் வாய்த்தது.

நாமக்கல்லில் காலை 6.10-க்குப் பேருந்து ஏறினேன். டிக்கெட் 48 ரூபாய். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து 8.50-க்குச் செம்மேடு. (இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.)

ஸ்கூட்டரோடு காத்திருந்த ஸ்டெல்லா, "படகு மத்தியானம். முதல்ல ஒரு ஊட்டுக்குப் போயிட்டு வந்துரலாம்" என்றாள்.

பன்னிரண்டு கிலோமீட்டர் ஸ்கூட்டர். பிறகு மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கிடையே ஒரு கிலோமீட்டர் நடை. மரவள்ளிக் காட்டை ஒட்டி பொன்னியின் வீடு. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. ஸ்டெல்லா ரத்த அழுத்தம் பார்த்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தாள்.

"ரொம்பக் கூடிருச்சு கண்ணு. இன்னைக்கே கீழ ஆஸ்பத்திரிக்குப் போகோணும். வலிப்பு வந்துட்டா உனக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து."

"நான் வரலீங்க."

பொன்னி கோபமாகச் சொல்லவில்லை, முடிவாகச் சொன்னாள். இதற்கு முன்பு ஸ்கேனுக்குப் போனபோது அங்கே ஒருவர் "மலைக்காரங்க தள்ளி உக்காருங்க" என்றாராம். கூடப் போன அத்தையை, அதாவது மாமியாரை, வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். "என்ன செய்யறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. மாட்டைப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க."

ஸ்டெல்லா பயமுறுத்துவாள், திட்டுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளோ தரையில் உட்கார்ந்துகொண்டாள். "அவங்க செஞ்சது தப்புதான். எப்படி இருந்தா நீ வருவே, சொல்லு."

பொன்னி யோசித்தாள். "அத்தை எங்கூடவே இருக்கோணும். எதைச் செஞ்சாலும் எங்கிட்டச் சொல்லிட்டுச் செய்யோணும்."

ஸ்டெல்லா பிரசவ வார்டுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல்: "பொன்னிங்களா? நான் வார்டு நர்ஸ் பேசறேன். அத்தையைக் கூட்டிட்டு வாங்க. நானே வாசலுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

பொன்னி அத்தையைப் பார்த்தாள். "சரிங்க, வாரேன்."

கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அவளை நாற்காலியில் வைத்துச் சாலைவரை தூக்கிவந்தார்கள். ஆம்புலன்ஸ் 11.40-க்கு வந்தது. அத்தையும் ஸ்டெல்லாவும் பொன்னியோடு ஏறினார்கள், நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினோம். ஒரு வளைவில் சுற்றுலா வந்தவர்கள் காரைக் குறுக்கே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு நிமிடம் நின்றோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்தில் நானும் நிறுத்தியிருப்பேன்.

சொன்னபடியே அந்த நர்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார்.

நான் கீழேயே தங்கிவிட்டேன். மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி நலம். நான் பார்க்கப் போனபோது பொன்னி சிரித்தாள். "ஊசி போடறதுக்கு முன்னாடி எதுக்குன்னு சொல்றாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க." அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

படகில் போகாமலேயே ஊர் திரும்பினேன். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

போகிறவர்களுக்கு: குளிர் காலத்தில் ஸ்வெட்டர் அவசியம். வளைவுகளில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடனே ஓரம் கட்டுங்கள். உள்ளே இருப்பவர் வருகிறேன் என்று சொல்வதற்கே வெகுநேரம் ஆகியிருக்கும். மிச்ச நேரத்தையாவது நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.