மிட்டுவுக்கு வெயில்

சலீமா பீவியை மார்க்கப் பேணுதலான பெண் என்று கடலூர் முதுநகரில் சொல்லாதவர்கள் கிடையாது. புருஷன் மவுத்தானதும் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாளே, அப்போது ஜன்னலைக்கூடத் திறக்காமல் இருட்டறையில் கிடந்தாளாம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். இத்தா இருக்கிறவள் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான். இருட்டில் கிடக்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் ஜன்னலை அடைத்தது ஒரு கிளிக்காக. அடுத்த வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்த எனக்கு அது தெரியும்.

அவள் புருஷன் முஹம்மது யூசுப்புக்குச் சிதம்பரத்தில் சைக்கிள் கடை. காலை பஸ்ஸில் போய் இரவு திரும்புவார். பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. மிட்டு என்ற அந்தக் கிளிதான் அவருடைய ஒரே பைத்தியம்.

ஆனி பிறந்தால் மிட்டுவுக்கு இறகு உதிரும். புது இறகு வெள்ளை உறைக்குள் முள்முள்ளாக முளைக்கும். உடம்பில் முளைத்ததை அதுவே அலகால் கோதி உரித்துக்கொள்ளும். தலைக்கு அலகு எட்டாது. அதனால் முற்றத்தில் காலை வெயில் விழுந்ததும் யூசுப் கூண்டைக் கொண்டுவந்து வைத்து, கம்பிக்குள் விரலை விட்டு, தலையிலுள்ள முட்களை ஒவ்வொன்றாக நகத்தால் நெருடுவார். வெள்ளைத் தூள் உதிரும். கிளி கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கொடுக்கும். பஸ் போனாலும் போகட்டும் என்று அவர் உட்கார்ந்திருப்பார்.

அறுபத்தாறாம் வருஷம் ஆனியில் ஒரு காலை. குறிஞ்சிப்பாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிச் சலீமா நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவர் கிளியின் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். மூன்று வாரமாக அதே பதில்.

"அந்தக் கிளியயே கட்டிக்கிட்டு அழுங்க! போங்க, திரும்பி வராதீங்க!"

நான் இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

அவர் நாஷ்டா சாப்பிடாமல் போனார். மத்தியானம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாயந்தரம் ஒரு வாடகைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

மூன்றாம் நாள், கூடத்தில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். நானும் சலீமாவும் பின்கட்டில் நின்றோம். முற்றத்துக் கூண்டிலிருந்து அவளுடைய குரலே வந்தது.

"போங்க, திரும்பி வராதீங்க!"

ஒரே ஒரு தடவை கேட்டதைக் கிளி அப்படியே பிடித்து வைத்திருந்தது. அந்தக் கோபம், அந்த இழுப்பு, கடைசியில் அவள் குரல் உடைந்ததுகூட. சலீமா ஓடிப்போய்த் தலைத் துணியை இழுத்துக் கூண்டின்மேல் போட்டாள். வெளிச்சம் போனதும் கிளி அடங்கிவிட்டது. ஓதுகிற சத்தத்தில் கூடத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அன்றைக்கே கூண்டு அவள் அறைக்குப் போனது. ஜன்னல் அடைபட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "இந்த வயசுல என்னா பேணுதல் பாருங்க" என்றார்கள். மாமியார் ரஹ்மத் பீவி, ஒரே மகனைப் பறிகொடுத்தவள், அந்தப் பேச்சில்தான் கொஞ்சம் தேறினாள். "எம் மருமவ மாதிரி ஒருத்தி கெடைக்க மாட்டா" என்பாள். சலீமா தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு மாதம் கழித்து நான் துணியைத் தூக்கிப் பார்த்தேன்.  உதிர்ந்த இடங்களில் இறகு சரியாக முளைக்கவில்லை. முளைத்தவையும் உறைக்குள்ளேயே கருத்துப்போயிருந்தன. கோதுவதை மறந்து மார்பைக் கடித்துக் கடித்துத் தோல் தெரிந்தது. தலை முழுக்க முள். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் பொன்னுரங்கத்திடம் போய்க் கேட்டேன்.

"மருந்து ஒண்ணும் வேணாம்மா. வெயில் காட்டுங்க. வெளிச்சம் இல்லாம அது எப்புடி எறகு வைக்கும்? இப்புடியே வச்சிருந்தா பத்து நாள் தாங்காது."

வந்து சொன்னேன். சலீமா கூண்டையே பார்த்தபடி இருந்தாள்.

"வெளிய வச்சா பேசும், அமிர்தக்கா. மாமி கேட்டுருவாங்க."

"வைக்கலன்னா செத்துரும்."

"அவுங்க வளத்தது," என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குத் தெருவே வந்தது. எல்லோர் வாயிலும் அவளுடைய பேணுதல்தான். மறுநாள் காலை நான் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். ரஹ்மத் பீவி முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அறைக் கதவு திறந்தது. சலீமா கூண்டைக் கொண்டுவந்து வெயிலில் வைத்துத் துணியை எடுத்தாள்.

கிளி முதலில் கண்ணை இடுக்கிக்கொண்டது. வெகுநேரம் அசையவில்லை. பிறகு ஒரு சிறகை விரித்தது. அலகால் ஒரே ஒரு இறகைப் பிடித்துக் கோதியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போது அது சொன்னது.

முறம் நின்றது.

"இது ஒங் கொரலு."

"ஆமா மாமி. அன்னைக்குக் காலைல நான் சொன்னது. அதக் கேட்டுட்டுத்தான் அவுங்க போனாங்க."

ரஹ்மத் பீவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கூண்டைப் பார்த்தாள், மருமகளைப் பார்க்கவில்லை.

"கெளி வெயில்லயே இருக்கட்டும். எம் மவன் வளத்தது" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவள் சலீமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் பத்துப் போட்டாள், தெருவில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பேச்சு மட்டும் கிடையாது. சலீமா இத்தா முடிந்தும் தாய்வீட்டுக்குப் போகவில்லை. கிளிக்கு மார்பு மூடியது, வால் நீண்டது. தலையைத் தொட மட்டும் விடாமல் கடித்தது. அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுநாளும் விரலை நீட்டினாள். ஒருநாள் அது தலையைச் சாய்த்துக் கொடுத்தது.

தினமும் காலை சுவருக்கு அந்தப் பக்கம் அது கேட்கும். "போங்க, திரும்பி வராதீங்க!" என்று கிளி, சலீமாவின் குரலில். உடனே சலீமாவே, மெதுவாக, "வந்துடுங்க." பல் தேய்க்கிற நேரத்துக்கு நான் அதைக் கேட்டாகவேண்டும். கேட்டுக் கேட்டும் பழகவில்லை. 

அறுபத்தெட்டு ஆனியில் சலீமாவுக்கு விஷக்காய்ச்சல். மிளகு ரசம் கொண்டுபோனேன். அவள் அறைக்குள் போர்த்திக்கொண்டு கிடந்தாள். முற்றத்து வெயிலில் ரஹ்மத் பீவி, கம்பிக்குள் விரலை விட்டுக் கிளியின் தலையை நெருடிக்கொண்டிருந்தாள். மடியெல்லாம் வெள்ளைத் தூள்.

"போங்க, திரும்பி வராதீங்க!"

உள்ளேயிருந்து சத்தமில்லை. கிளி கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னது. அந்த விரல் நின்றது. அவள் அறைப் பக்கம் திரும்பினாள்.

"சலீமா," என்று இரண்டு வருஷத்துக்குப் பிறகு கூப்பிட்டாள். "பதில் சொல்லும்மா."

போர்வைக்குள்ளிருந்து அரைக் குரலில் வந்தது.

"வந்துடுங்க."