தெற்குப் பார்த்த மூன்று வீடுகள்

எழுத்து எனக்குக் கைவராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இடையில் எதையாவது மறந்துவிட்டாலும், சொன்னதையே திரும்பச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர், இவர், கண்மூடிய அடுத்த வருடம். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. அந்த நாட்களில் எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் தெரியவில்லை. நோர்வேயில், ஒஸ்லோ நகரத்து ட்வெய்ட்டாவில் எங்கள் மாடிவீட்டு வாசலில் இவருடைய சப்பாத்து கிடந்தபடி கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தேன்.

மகன் ஒரு யோசனை சொன்னான். இந்த வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினில் ஒரு வில்லா வாங்குவது. குளிர்காலம் முழுக்க நான் அங்கே இருப்பது. பள்ளிக்கூட விடுமுறைகளுக்கு அவர்கள் வருவது.

"உங்கட முழங்காலுக்கு வெயில் நல்லது அம்மா."

எனக்கு வீட்டை விட மனமில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்" என்றேன்.

ஈஸ்டர் விடுமுறையில் மகனும் மருமகளும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடலோரமாக ஒரு மலைச்சரிவு. ஸ்பெயினில் பகுதிக்கு ஒரு மாதிரி வீடாம். அந்தச் சாயல்களில் அங்கே புதிதாகக் கட்டி வைத்திருந்தார்கள். வீடு காட்டியவள் ஒரு நோர்வேக்காரி.

முதலாவது ஸ்பெயினின் தீவுகளில் கட்டுகிற மாதிரி. கூரையில் ஓடே இல்லை. வெள்ளைப் பெட்டிகளை அடுக்கியது போல இருந்தது.

"மாமி, சீனிக்கட்டி மாதிரிக் கிடக்கு. மழைக்குக் கரைஞ்சிடாதோ?" என்று மருமகள் என் காதுக்குள் கேட்டாள்.

இரண்டாவது அந்தலூசியா மாதிரி. வெளியே சுண்ணாம்புச் சுவரும் கம்பி யன்னலும், உள்ளே நடுமுற்றமும் பூப்போட்ட ஓடு பதித்த சுவரும். மூன்றாவது கத்தலோனியாப் பக்கத்தில் தோட்டம் செய்கிற கமக்காரர் வீடு மாதிரி. தடித்த கல்லுச் சுவர், வளைந்த வாசல்.

ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பெண் கையை விரித்து, "தெற்குப் பார்த்தது!" என்று தன் பாஷையில் சொன்னாள். நோர்வேக்காரருக்குத் தெற்கு என்றால் வெயில். குளிர்கால வெயில் உள்ளே விழவென்றே பழைய கமக்காரர் வாசலைத் தெற்கே வைத்தார்கள் என்றும் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல மருமகளின் முகம் சுருங்கியது. எங்கள் ஆட்களுக்குத் தெற்கு யமனுடைய திசை.

"இஞ்சேருங்கோ, மூண்டும் தெற்கு வாசல். மாமியை இதுக்குள்ள தனிய விடேலாது."

"யமன் ஸ்பெயினுக்கும் வருவானோ? அவனுக்கு விசா வேணுமெல்லே!" மகன் சிரித்தான்.

"பகிடி விடாதேங்கோ. மாமியைக் கேளுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினால் என் வீடு போய்விடும். தெற்கு வேண்டாம் என்றால், கிழக்கு வாசலாக வேறொன்று தேடுவார்கள்.

"ட்வெய்ட்டா வாசல் கிழக்குத்தான் தம்பி," என்றேன். "அப்பாவை அதாலைதானே கொண்டு போனவை. திசையிலை ஒண்டும் இல்லை. நான் அங்கையே இருக்கிறன்."

அவ்வளவு நீளமாக நான் கதைத்து நாளாகியிருந்தது. மகன் குனிந்து கையிலிருந்த வாடகைக் கார்த் திறப்பை விரலில் சுற்றினான்.

"சரி அம்மா," என்றான் பிறகு.

மருமகள் தன் சால்வையை எடுத்து என் தோளில் போட்டாள். நல்ல வெயில். நான் அதைக் கழற்றவில்லை.

ஒஸ்லோவுக்கு வந்து கதவைத் திறந்தேன். சப்பாத்து அங்கேயே கிடந்தது. தாண்டிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். வீடு விற்கிற கதை பிறகு எழவில்லை.

நடுமுற்றம் எந்த வீட்டில், வளைந்த வாசல் எந்த வீட்டில் என்பது இப்போது குழம்புகிறது. மூன்றும் தெற்கு வாசல் என்பது மட்டும் நிச்சயம். ஸ்பெயினில் இருந்து பழகிய பிள்ளைகள் யாராவது பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.