நீல வயரின் அந்தப் பக்கத்து நுனி

பத்து நாளில் மூன்று தடவை லைன் அறுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று கொழும்புக் கம்பெனி முதல் நாளே சொல்லியிருந்தது. ஷிராணி வீட்டில்தான் இருந்தாள். இருந்தாலும் பயந்தாள்.

டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி இருபது நிமிடம் மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்ட லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஆறு காம்பராவில் ஐந்தாவது அவளுடையது. அங்கே மாதா படத்துக்குக் கீழே ஒரு மேசை, மேசையில் ஹட்டன் கடையில் வாங்கிய பழைய கணினி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்செட். பார்சல் வரவில்லை என்று அழைப்பவர்களுக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். பார்சல் எங்கே என்று ஷிராணிக்கும் தெரியாது. திரை ஏதோ ஓர் ஊரின் பெயரைக் காட்டும். அதை மரியாதையாக வாசிப்பதுதான் வேலை.

அதற்கு முன் அவள் பதினொரு வருடம் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளை உட்புறமாகத் திருப்பி, ஒவ்வொரு தையலையும் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை விரலால் ஓட்டிப் பார்ப்பாள். பிழை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். யார் செய்த பிழை என்று சொல்லமாட்டாள். அம்பு மட்டும்தான். கலியாணத்தன்று மாப்பிள்ளை றிச்சர்டின் கோட்டுக் கையை மடித்து உள்ளே பார்த்தாள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அவள் அதை மறுப்பதில்லை. தையல் சரியாகத்தான் இருந்தது. றிச்சர்ட் இப்போது மரக்கறி லொறி ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான்.

தொழிற்சாலையில் அவள் இருந்த பிரிவை மூடினார்கள். மீந்த அம்பு ஸ்டிக்கர் தாள்கள் இரண்டோடு ஷிராணி லயத்துக்குத் திரும்பினாள். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகலாமா என்று ஒருநாள் கேட்டபோது, ஆறாவது காம்பரா வேலாயிதான் தடுத்தாள்.

"நீ ஒவ்வொரு எலையையும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நிப்ப தங்கச்சி. பொழுது விடிஞ்சிரும்."

பிறகு இந்த வேலை கிடைத்தது. வைஃபை ஆகாது, கணினிக்கு வயர் வழியாகத்தான் இணையம் வரவேண்டும் என்பது கம்பெனியின் கட்டளை. எதிர்மலைக் கோபுரத்தின் சிக்னலோ லயத்திலேயே வேலாயியின் ஜன்னலுக்கு மட்டும்தான் வந்தது. ஆகவே ரவுட்டர் பெட்டி வேலாயியின் ஜன்னலில் குடியேறியது. லயத்தில் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. அந்த இடைவெளி வழியாக ஷிராணி ஏணி வைத்து நீல வயரை இழுத்து, வேலாயியின் அடுப்படிக்கு மேலே கொண்டுபோய், பெட்டியில் செருகினாள். பதிலுக்கு வேலாயியின் பிள்ளைகள் போனில் பாடம் படிக்கலாம், அதாவது கார்ட்டூன் பார்க்கலாம். ஆயுத பூஜைக்கு வேலாயி பெட்டிக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை, நாலேகாலுக்கு, அழைப்பிலிருந்த கினிகத்தேனைக்காரர் ஒருவர் பாதி வசனத்தில் காணாமல் போனார். திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. வயர் செருகப்படவில்லை என்றது கணினி. ஷிராணி மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். வயர் நன்றாகவே செருகப்பட்டிருந்தது. கழற்றி மறுபடி செருகினாள். கணினியை அணைத்துப் போட்டாள். பிறகு சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"வேலாயிக்கா, பொட்டியில லைட்டு எரியுதா?"

"ஜெகஜோதியா எரியுது!"

எத்தனை எரிகிறது என்று ஷிராணி கேட்கவில்லை. எழுந்துபோய்ப் பார்க்கவுமில்லை. கொழுந்து மலையிலிருந்து மழையில் நனைந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கிறவள் வீட்டுக்குள் நுழைந்து ஜன்னலைச் சோதித்தால், அது சந்தேகப்படுவதாகிவிடும். அடுத்த காம்பராவோடு அப்படியெல்லாம் வாழ முடியாது.

புதன்கிழமை காலையில் லைன் தானாக வந்திருந்தது. நல்ல வெயில். கணினி விற்ற கடையிலிருந்து சிப்னாஸ் மத்தியானம் மேலேறி வந்தான். கணினியின் வயிற்றைத் திறந்தான், தூசு ஊதினான், எதையோ அழித்துவிட்டு அதையே திரும்பப் போட்டான்.

"ஒரு பிழையும் இல்ல அக்கா. மழைக்கு இப்பிடித்தான்."

"மழை வயருக்குள்ளயா பெய்யிது?"

சிப்னாஸ் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசித்தான். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மழை. நாலேகாலுக்கு லைன் போனது. இரண்டு.

வெள்ளிக்கிழமை பத்தாவது நாள். ஆறு மணி வரை லைன் நின்றால் வேலை நிரந்தரம். விடிந்ததிலிருந்து மழை. நாலு மணியிலிருந்து ஷிராணி பேசிக்கொண்டே திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பதினெட்டுக்குப் பெருக்கல் குறி விழுந்தது.

வாசற்படியில் ஒற்றைக் காலை வெளியே வைத்து நின்றால் கைத்தொலைபேசிக்கு ஒரு கோடு சிக்னல் வரும். அங்கே நின்று கொழும்பு மேற்பார்வையாளர் பஸ்மிலாவை அழைத்தாள்.

"பத்து நிமிஷந்தான் ஈக்கி, ஷிராணி. அதுக்குள்ள வந்தா நான் ஒண்டும் எழுத மாட்டன். வராட்டி மூணாவதா எழுதத்தான் வேணும்."

ஷிராணி மேசைக்குத் திரும்பினாள். கை தானாகவே மேசைக்குப் பின்னால் போனது. அதே பிளக், அதே கிளிப், அதே இறுக்கம். கணினி மூன்றாவது தடவையாக அதே வாக்கியத்தைச் சொன்னது: வயர் செருகப்படவில்லை. பதினொரு வருடத்தில் ஒரு தையலின் ஒரு நுனியை மட்டும் பார்த்துவிட்டு மேசையை விட்டு அனுப்பியதுண்டா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. இந்த வயருக்கும் இன்னொரு நுனி இருந்தது. அது வேலாயி வீட்டில் இருந்தது. சந்தேகப்படுவதாக வேலாயி நினைத்தால் நினைக்கட்டும். எட்டு நிமிடம் இருந்தது.

அவள் வயரில் விரல் வைத்துச் சுவர்வரை ஓட்டினாள். அதற்குமேல் எட்டவில்லை. வெளியே ஓடி, வாசல் திண்ணையான இஸ்தோப்பு வழியாக, ஆறாவது காம்பராவுக்குள் கேட்காமலேயே நுழைந்தாள்.

வேலாயி அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, அடுப்புக்கு நேராக, நீல வயர் தொட்டில்போல் தொங்கியது. அதில் வேலாயி மழைக்குப் போர்த்தும் கம்பளி, இடுப்பில் கட்டும் படங்கு, அவள் புருஷன் சோலைமலையின் காற்சட்டை, ஐந்து ஒற்றைக் காலுறைகள். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டி அடுப்புக் கல்லில் சீறியது.

ஷிராணி அண்ணாந்து பார்த்தாள்.

"என்னா தங்கச்சி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"இதுலயா அக்கா துணி போடுறீங்க?"

"போன வாரம் கயித்துக் கொடி அந்துபோச்சு. இது நல்லா இருக்கு. வழுவழுன்னு, துணியில கறை புடிக்கல. எங்கன வாங்குன?"

"அக்கா, இதுலதான் என் வேல ஓடுது!"

"ஓடட்டுமே. நான் என்னா அது மேலயா ஒக்காந்திருக்கேன்? காலையில வேலைக்குப் பேரு போடுற பெரட்டுக்கு ஈரக் கம்பளியோட போயி நிக்கவா? நீ ஊட்டுக்குள்ள ஒக்காந்து பார்சலு பார்சலுங்கிற, ஒனக்கென்ன."

பேச நேரமில்லை. ஷிராணி ஜன்னலுக்குப் போனாள். பெட்டியில் மூன்று விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன. நான்காவது எரியவில்லை. கம்பளியின் பாரத்தில் பிளக் பாதி வெளியே வந்து நின்றது. அழுத்தினாள், நான்காவது விளக்கு எரிந்தது. விட்டாள், அணைந்தது. பிளக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதைப் பிடித்து நிறுத்தும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தது. கூரை வளைக்கு மேலாக வயரை அவசரமாக இழுத்த அன்று அது எங்கேயோ மாட்டி 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது ஷிராணிக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவள் கைக்குத் தப்பிப் போன முதல் பீஸ். வேலாயி போட்டது துணி மட்டும்தான்.

"பிழை என்னுதுதான் அக்கா," என்றாள். "துணிய எறக்குங்க. எறக்கிட்டு இதுல வெரல வச்சு அமுக்கிக்கிட்டு நில்லுங்க. ஆறு மணி வரைக்கும்."

"ஆறு மணி வரைக்குமா? நான் மனுசியா ஆணியா?"

ஆனால் துணிகளை இறக்கினாள். விரலையும் வைத்தாள். ஷிராணி திரும்பி ஓடி ஹெட்செட்டை மாட்டியபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் ஷிராணி பதினேழு பேருக்குப் பதில் சொன்னாள். பன்னிரண்டாவது ஆள் டயகமவிலிருந்து பேசிய ஒரு பெரியவர். அவருடைய இடுப்புவலித் தைலம் நான்கு நாளாக வந்துகொண்டிருந்தது. ஷிராணி திரையைப் பார்த்து ஊரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது, சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது.

"அடியே! சோறு அடிப்புடிக்குதுடி! வெரல எடுக்கவா?"

பெரியவர் பேச்சை நிறுத்தினார். "யாரும்மா அது?"

"மன்னிக்கணுங்க," என்றாள் ஷிராணி. "அது எங்க டெக்னிக்கல் பிரிவு."

"அப்படியா. சோத்த எறக்கச் சொல்லும்மா. தைலம் நாளைக்கு வரட்டும்."

விரல் எடுக்கப்படவில்லை. சோறு அடிப்பிடித்தது. அந்த வாசம் இடைவெளி வழியாக ஐந்தாவது காம்பராவுக்குள் வந்து, ஆறு மணி வரை ஷிராணியோடு உட்கார்ந்திருந்தது.

ஆறு மணிக்குப் பஸ்மிலா பேசினாள். வேலை நிரந்தரம், திங்கட்கிழமை வழக்கம்போல் எட்டு மணிக்கு. "ஒரு அழைப்பக் கேட்டுப் பாத்தன்," என்று பிறகு சொன்னாள். "உங்கட டெக்னிக்கல் பிரிவுல சோறாக்குறாங்களா?"

"இன்னைக்கு ஆக்கல மிஸ், கருக்கிட்டாங்க," என்றாள் ஷிராணி.

ஊசியும் தடித்த நூலும் எடுத்துக்கொண்டு, தன் பானையிலிருந்து பாதிச் சோற்றையும் போட்டுக்கொண்டு, அவள் ஆறாவது காம்பராவுக்குப் போனாள். வேலாயி இன்னும் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். விரலை எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே என்றாள். பெட்டியின் பக்கத்தில் காற்றுப் போவதற்கு வரிசையாக ஓட்டைகள் இருந்தன. ஷிராணி அவற்றில் ஊசியை ஏற்றி, பிளக்கின் மேலாக எட்டுச் சுற்று சுற்றி, சட்டைப் பையின் மூலையைப் பூட்டுவதுபோல் இறுக்கித் தைத்தாள். இழுத்துப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினாள்.

"அதான் தச்சாச்சுல்ல. துணியப் போடலாமா?"

ஷிராணி தையலை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். "தாங்கும். ஆனா போட வேணாங்கக்கா. நாளைக்கு டவுனுக்குப் போயி நைலோன் கயிறு வாங்கியாறேன்."

"காலையில பெரட்டுக்கு?"

கம்பளி ஒரு மூலையில் ஈரமாகக் கிடந்தது. ஷிராணி வீட்டுக்குப் போய், வெளிநாட்டுக்குப் போகாமல் தொழிற்சாலை எப்போதோ கழித்துக் கொடுத்த மழைக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். முன்கையில் ஓரிடத்தில் ஒரு தையல் தவறியிருந்தது. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. வேலாயி போட்டுப் பார்த்தாள். துரைச்சாணி மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம் இருக்கிறது என்றாள் ஷிராணி.

சனிக்கிழமை சாயந்தரம், புதுக் கயிற்றில் துணி போட்டுக்கொண்டே வேலாயி சுவருக்கு மேலாகச் செய்தி சொன்னாள்.

"பெரட்டுல எங்கள மேய்க்கிற கண்டாக்கையா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. இதென்னா கையில செவப்பா அம்புன்னாரு. இந்த எடத்துல கோளாறுன்னு அர்த்தமுங்க ஐயான்னு, கைய நேரா நீட்டிக் காட்டுனேன். அதுக்கப்பொறம் மனுசன் அடுத்த ஆளுக்குப் போயிட்டாரு."

தவறிய அந்தத் தையலுக்கு அம்பு ஒட்டியது ஷிராணியேதான். அந்த அம்பை உரிக்க மறந்திருந்தாள். கழித்த நாளிலிருந்து அது கோட்டுக் கையின் மடிப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. தொழில் முறையில் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"அக்கா, கைய நீட்டுனப்ப, அம்பு எந்தப் பக்கம் பாத்துச்சு?"

"அவரு பக்கந்தான்," என்றாள் வேலாயி.