கொக்கியை மடியில் வைத்திருந்தவர்

வாசகரே, சாட்சியாக நின்று கேளுங்கள். நான் மேடைப் பேச்சாளன்தான்; ஆனால் மேடைக்காக இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

சித்தேரி மலைப்பாதையில் பள்ளத்தில் விழும் வண்டிகளை இழுத்தெடுக்கும் ஜீப்பின் ஓட்டுநர் அவர். நெடிய உடல்; இமைக்க மறந்த கண்கள். ஜீப்பின் முகப்பில் இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் ‘விஞ்ச்’ உருளையை எவரும் கழற்றாதபடி நட்டுகளை வெல்டிங் வைத்து அடைத்திருந்தார். ஆயினும் டீக்கடையில் நிறுத்தும்போதெல்லாம் இரும்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

“ஒரு கொக்கிக்கு இவ்வளவு காவலா?” என்று ஒருநாள் அந்தக் கடையில் அவரிடம் சிரித்தேன்.

“சிரிங்க தம்பி. போன மழையில இதே மாதிரி ஒண்ண எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். அன்னைக்குன்னு பாத்து எதிர்ல இந்தப் பள்ளத்துல ஒரு வேன் உருண்டுது. நான் அரூர் போயி வேற கொக்கி வாங்கியார வரைக்கும் உள்ள இருந்த டிரைவரு ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்தாருங்களாம். நான் வந்தப்ப சத்தமில்ல.”

கொக்கியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். “கை கழுவிட்டு வந்துடறனுங்க. கீழ மட்டும் வெச்சுடாதீங்க.”

உச்சிவெயில். சாலையில் ஜீப்பைத் தவிர ஒரு வண்டியும் இல்லை. பள்ளத்திலிருந்து நீண்ட ஹாரன் ஒலி எழுந்தது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உங்களுக்கும் கேட்டுதுங்களா?” என்றார், ஈரக் கையோடு திரும்பியவர்.

கொக்கியோடு எழுந்து நடந்தேன். பள்ளத்தின் விளிம்பில் நின்று, ஹாரன் வந்த திசையை நோக்கி உரக்கச் சொன்னேன்: “ஐயா, கொக்கி என் கையில் இருக்கிறது. இதை எவரும் கொண்டுபோக விடமாட்டேன்.”